சீட்டுக்கடியில் ஒரு சீறல்

ஓசூரிலிருந்து மத்திகிரி போகும் வழியில், கம்பெனி ஆட்கள் ஆளுக்கொரு மனை வாங்கி வீடு கட்டிக் குடியேறிய தெரு ஒன்று இருக்கிறது. அந்தத் தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் முதல் வாரத்தில் ஒரு தடவையாவது பரமசிவம் வீட்டு வாசலில் தயங்கி நிற்பார்கள். உள்ளே புருஷன் பெண்டாட்டிக்குள் பெரிய சண்டை நடப்பதுபோல் இருக்கும். போய் விலக்கிவிடலாமா, நமக்கெதற்கு வம்பு என்று யோசித்து நிற்கும்போதே சண்டையின் பொருள் விளங்கிவிடும். "ரசத்துக்குப் பெருங்காயம் போட்டாச்சாட்டி?" என்று பரமசிவம் கத்துவார். "போட்டாச்சி, போட்டாச்சி!" என்று ராசாத்தி அதற்கு மேல் கத்துவாள். அவ்வளவுதான் சண்டை.

பரமசிவம் சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். ஐ.டி.ஐ. முடித்த கையோடு ஓசூருக்கு வந்து ஒரு கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் சேர்ந்தார். இரும்புத் தகடுகளை அடித்து வளைத்து வண்டிப் பாகமாக்கும் இடம் அது. ஒவ்வொரு அடிக்கும் தரை ஒரு முறை தூக்கிப் போடும். அங்கே வாயால் பேசி ஒரு பயனும் இல்லாததால் கையாலேயே ஒரு பாஷை வைத்திருந்தார்கள். கட்டைவிரலைக் கவிழ்த்தால் இறக்கு, உள்ளங்கையை மேலே தூக்கினால் ஏற்று, முஷ்டியை மூடினால் நிறுத்து, மூக்கைத் தடவினால் சூப்பர்வைசர் வருகிறார். கல்யாண வீடுகளில் பிரஸ் ஷாப் ஆட்கள் ஒரே பந்தியில் உட்கார்ந்தால் பாயசம் வேண்டும் வேண்டாம் என்பதெல்லாம் கையிலேயே முடிந்துவிடும். ராசாத்திக்கும் அந்தப் பாஷை அத்துப்படி.

காதுக்கு அடைத்துக்கொள்ள ரப்பர் அடைப்பான் கொடுக்காமல் இல்லை. அது எல்லோர் கழுத்திலும் தாயத்துபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் காதில் செருகினால் மிஷின் பேசுவது கேட்காது என்பார் பரமசிவம். தகடு வளையும் இரும்பு அச்சான டையில் ஒரு மயிரிழை விரிசல் விட்டாலும் அடியின் சத்தத்திலேயே கண்டுபிடித்து முஷ்டியை மூடிவிடுவார். அந்தக் கெட்டிக்காரத்தனத்தில் அவருக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு. இருக்கட்டுமே, மனுஷனுக்கு ஏதாவது ஒன்றில் மிதப்பு வேண்டாமா?

வருஷத்துக்கு ஒருமுறை காதைச் சோதிக்கக் கம்பெனிக்குள்ளேயே ஆட்கள் வருவார்கள். கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்கார வைத்து, காதில் மாட்டிய கருவியில் சத்தம் கேட்கும்போதெல்லாம் கையிலுள்ள பட்டனை அழுத்தச் சொல்வார்கள். கேட்கவில்லையென்றால் பிரஸ் ஷாப்பிலிருந்து எடுத்து, அட்டைப்பெட்டி ஒட்டும் பேக்கிங் பிரிவில் போட்டுவிடுவார்கள். பிரஸ் ஷாப் ஆம்பளைக்கு அதைவிடக் கேவலம் வேறில்லை என்று அவர்களுக்குள் ஒரு எண்ணம். அதனால் ஒரு உபாயம் வைத்திருந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சோதிக்கிறவரின் முழங்கை அசைந்தால், அவர் சத்தம் விடுகிறார் என்று அர்த்தம். முழங்கையைப் பார், பட்டனை அழுத்து. பரமசிவம் ஓய்வு பெறும்வரை ஒரு வருஷம்கூட அந்தச் சோதனையில் தோற்றதில்லை.

ஓய்வுக்குப் பிறகு ராசாத்தி வீட்டிலேயே கிரைண்டர் போட்டு இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தாள். மாவுத் தூக்குகளை ஏற்றிப் போவதற்காக வேப்பனப்பள்ளியில் ஒரு மாங்காய் வியாபாரியிடமிருந்து பழைய ஆம்னி வேன் ஒன்றை வாங்கினார்கள். கிருஷ்ணகிரி தனி மாவட்டமாவதற்கு முந்திய தர்மபுரி எண் கொண்ட வண்டி. வெயில் ஏறினால் அதன் பின்பக்கத்தில் இன்னமும் மாம்பழ வாசனை வரும். வண்டியை எந்த மெக்கானிக்கும் தொட பரமசிவம் விட்டதில்லை. எஞ்சினை மூடியிருக்கும் முன்சீட்டைத் தூக்கிவிட்டு, நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை எஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதெலும்பில் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி வைத்தியர் நாடி பார்ப்பதுபோல நிற்பார். எல்லாம் அவருக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது, கேட்காதவை நீங்கலாக.

கேட்காமல் போனவற்றில் முக்கியமானது ராசாத்தியின் பேச்சு. கல்யாணமாகி வந்த புதிதில், ஒற்றை அறை லைன் வீட்டில், அவள் ஓயாமல் பேசுவாள். சன்னமான குரல். ஷிப்ட் முடிந்து வந்து படுத்தால், தெருவில் யார் யாரிடம் என்ன சொன்னார்கள், குழாயடியில் கன்னடத்தில் எப்படித் திட்டிக்கொண்டார்கள் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே இருப்பாள். கேட்டபடியே அவர் தூங்கிப்போவார். அப்புறம் வருஷத்துக்கு வருஷம் குரலை ஏற்ற வேண்டிவந்தது. கத்திச் சொல்வதென்றால் கத்துவதற்குத் தகுந்த சேதியாக இருக்க வேண்டும் அல்லவா? கேஸ் தீர்ந்துவிட்டது என்று கத்தலாம். எதிர்வீட்டுப் பூனை குட்டி போட்டிருக்கிறது என்று தொண்டை கிழியக் கத்த முடியுமா? அப்படி ஒவ்வொன்றாகச் சின்னச் சேதிகள் எல்லாம் நின்றுபோயின.

பரமசிவத்துக்கு அது புரியவில்லை. தன் காது மந்தமாகிவிட்டது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. வீட்டில் ஏதோ குறைந்துபோய்விட்டது, ராசாத்திக்குத் தன்னோடு பேச ஒன்றுமில்லாமல் போய்விட்டது என்று மட்டும் தோன்றியது. கூட இருக்கிறவளுக்கு நாம் சலித்துவிட்டோமோ என்ற அந்தப் பயத்தை யாரிடம் சொல்வது? காலையில் மாவு ஏற்றிக்கொண்டு போகும்போது பக்கத்து சீட்டில் அவள் உதடு அசைவதைப் பார்ப்பார். சாமி பாட்டு முணுமுணுக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார். சாமியிடமாவது பேசுகிறாளே என்று ரோட்டைப் பார்த்து ஓட்டுவார்.

இதற்கு நடுவில்தான் வேன் சண்டித்தனம் பண்ண ஆரம்பித்தது. ஓடும்போது ஒரு தொந்தரவும் இல்லை. சிக்னலில் நின்றால் எஞ்சின் குளிர் ஜுரம் வந்ததுபோல உதறும். ஆக்சிலேட்டரில் கால் வைத்தே இருக்க வேண்டும், எடுத்தால் அணைந்துவிடும். பரமசிவம் கார்புரேட்டரில் உள்ள ஐட்லிங் ஸ்க்ரூவைக் கொஞ்சம் முறுக்கி வேகத்தை ஏற்றி வைப்பார். கொஞ்ச நாளைக்குச் சரியாக இருக்கும். மறுபடி உதறும். மறுபடி ஒரு முறுக்கு. பெட்ரோல் போதவில்லையோ என்று, பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவை மாற்றும் ஏர் ஸ்க்ரூவையும் ஒரு கை பார்த்தார். இப்படியே மூன்று வருஷம் ஓடிவிட்டது.

போன கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பாகலூர் சாலைச் சிக்னலில் வேன் சுத்தமாக நின்றுபோனது. பின்னால் ஒரு கர்நாடகா பஸ், அதற்குப் பின்னால் கல் லாரி. பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கன்னடத்தில் அர்ச்சனை செய்தார். பரமசிவத்துக்கு அதில் பாதி விழவில்லை. விழுந்த பாதிக்கு ராசாத்திதான் ஜன்னல் வழியே கும்பிடு போட்டாள். ஒருவழியாக வண்டி கிளம்பி வீடு வந்து சேர்ந்ததும் அவள் பொறுக்க மாட்டாமல் கத்தினாள்.

"எத்தன நாளாச் சொல்லுதேன்! சீட்டுக்கடியில ஸ்ஸூன்னு ஒரு சத்தம் வருது. நின்னா வருது, ஓடுனா அடங்கிருது. அதப் பாருங்க மொதல்ல!"

"என்ன சத்தம்? ஒரு சத்தமும் இல்ல. மிசின் சத்தத்துலயே பொழச்சவன்டி நான். எனக்குத் தெரியாத சத்தமா?"

"அதத்தான் நானும் சொல்லுதேன்," என்றாள் ராசாத்தி. அது குத்தல் என்று அவருக்குப் புரியவில்லை.

வாசலிலேயே வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, சீட்டைத் தூக்கினார். ஸ்க்ரூ டிரைவரைக் காதெலும்பில் வைத்துக் கண்ணை மூடினார். பிஸ்டன் தடதடக்கிறது, வால்வு தட்டுகிறது, எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. சீறலும் இல்லை கீறலும் இல்லை. வழக்கம்போல ஐட்லிங் ஸ்க்ரூவுக்குக் கையைக் கொண்டுபோனார். ராசாத்தி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அந்த நேரம் பார்த்து மாவு வாங்கப் பாத்திரத்தோடு வந்து சேர்ந்தான் முனிவேல். அடுத்த தெருக்காரன், ராயக்கோட்டை சாலையில் கார் பட்டறை வைத்திருக்கிறவன். வீட்டில் தெலுங்கு, பட்டறையில் வருகிற ஆளைப் பார்த்து எந்த பாஷை தேவையோ அந்த பாஷை. ராசாத்தி அவனை விடவில்லை.

"தம்பி, நீயே சொல்லு. உள்ள சீறுதா இல்லையா?"

முனிவேல் ராசாத்தியைப் பார்த்தான், பரமசிவத்தைப் பார்த்தான், கையிலிருந்த பாத்திரத்தைப் பார்த்தான். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் நாளைக்கு மாவு வாங்க வரவேண்டும்.

"கேக்குதுங்ணா," என்றான் கடைசியில், உரக்க. "நல்லாவே கேக்குது. நான் போன தீபாவளிலருந்தே கேக்கறன்."

"அப்ப ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீங்க நம்புவீங்களா? வண்டியத் தொடவே உடமாட்டீங்க. அப்பறம் எங்க சொல்றது?"

பரமசிவத்துக்குக் கோபம் வந்தது. ரெண்டு பேரும் சேர்ந்துகொண்டு விளையாடுகிறார்களா? ராசாத்தி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். "அக்கா, பெல்ட்டு சுத்துது, அந்தப் பக்கம் கை உடாதீங்க," என்றான் முனிவேல். அவள் குனிந்து, தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்து, ஓடுகிற எஞ்சினுக்குள் மெல்லத் தேடினாள். எஞ்சின் காற்றை உள்ளே இழுக்கும் பாதையிலிருந்து சுண்டுவிரல் கனத்தில் ஒரு கறுப்பு ரப்பர் குழாய் வளைந்து போனது. வேக்கம் ஓஸ் என்பார்கள். அதன் வளைவில் அவள் கை நின்றது. இரண்டு விரலால் அந்த இடத்தை அழுத்திப் பிடித்தாள்.

அதுவரை உதறிக்கொண்டிருந்த எஞ்சின் சட்டென்று நிமிர்ந்தது. ஒரே சீராக, முன்னைவிட வேகமாக ஓடியது. பரமசிவம் அதைக் கண்ணால் பார்த்தார், காலடியில் தரை அதிர்வது மாறியதையும் உணர்ந்தார். அவள் விரலை எடுத்தாள். எஞ்சின் மறுபடி உதறியது. பிடித்தாள், நிமிர்ந்தது. விட்டாள், உதறியது. அவள் எஞ்சினைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த இடத்தில் பரமசிவம் தோற்றார். குழாயில் விரிசல் என்பது பெரிய விஷயமில்லை, பழைய ரப்பர் விரியத்தான் செய்யும். ஆனால் அத்தனை பேருக்கும் கேட்கிற ஒரு சத்தம் அவருடைய காதுக்கு மட்டும் வரவே இல்லை. எஞ்சினே சாட்சி சொல்லிவிட்ட பிறகு யாரோடு வாதாடுவது? சாவியைத் திருப்பி அணைத்தார். முனிவேல் ஏதோ சொன்னான். வாய் அசைந்தது, சேதி வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அசைந்த முழங்கை ஞாபகத்துக்கு வந்தது.

"மாவு வாங்கிட்டுப் போ தம்பி," என்றார். "ஓஸை நானே மாத்திக்கிடுதேன்."

கடைக்குப் போய்ப் புதுக் குழாய் வாங்கி வந்தார். பழையதைக் கழற்றி வளைத்துப் பார்த்தால், கண்ணில் படாத அடிப்பக்கத்தில் விரிசல் வாயைத் திறந்து காட்டியது. எஞ்சினின் சூட்டில் வெந்து வெந்து ரப்பர் கட்டை மாதிரி இறுகிப் போயிருந்தது. பழையதை அளவு வைத்துப் புதியதை வெட்டி, இரண்டு முனையிலும் கிளிப் போட்டு இறுக்கி, சாவியைத் திருப்பினார்.

வேன் அலறியது. ஆக்சிலேட்டரை யாரும் தொடவில்லை, ஆனாலும் ஏற்றத்தில் முழு லோடு இழுப்பதுபோல எஞ்சின் உச்சஸ்தாயியில் கத்தியது. கேட்டருகில் படுத்திருந்த தெரு நாய் எழுந்து மத்திகிரி பக்கமாக ஓடியே போய்விட்டது. பரமசிவம் பதறிப்போய் அணைத்தார். கிளிப்பைப் பார்த்தார், சரியாக இருந்தது. மறுபடி போட்டார், மறுபடி அலறல். கடைக்காரன் கொடுத்த குழாயே சரியில்லை என்று அவனைத் திட்டினார். ராசாத்திக்கு முகம் சின்னதாகிவிட்டது.

"நாந்தான் தப்பாச் சொல்லிட்டனோ?" என்றாள். "பேசாமப் பழசையே மாட்டிருங்க. உதறிக்கிட்டுக் கெடந்தாலும் ஓடிக்கிட்டாவது இருந்துச்சு."

அவர் வாசற்படியில் உட்கார்ந்து டீ குடித்தார். டம்ளர் காலியான பிறகும் அதைக் கையில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் வண்டியைப் பார்த்தார். அப்புறம் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஓஸ் மேல தப்பில்லட்டி. மூணு வருசமா நான்லா ஸ்க்ரூவ ஏத்தி ஏத்தி வச்சிருக்கேன். காத்து ஒழுகுனதுக்கு ஈடு குடுத்துக்கிட்டே வந்தேன். நீ வெரலால புடிச்சப்ப பாதிதான் அடைஞ்சிது, இப்ப ஒழுக்கு முழுசா நின்னுபோச்சு. ஏத்துனது அப்படியே நிக்கி."

ஐட்லிங் ஸ்க்ரூவை இறக்கினார். அலறல் குறைந்தது. குறைந்ததும் இன்னொரு கூத்து ஆரம்பித்தது. எஞ்சின் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, நொண்டியது. புகை கறுப்பாக வந்தது, பெட்ரோல் வாடை மூக்கைத் துளைத்தது. பெட்ரோல் போதவில்லை என்று ஏர் ஸ்க்ரூவைத் திருகியிருந்தார் அல்லவா, அதற்கும் இப்போது வட்டி கட்ட வேண்டும். ஒன்றைத் தொட்டால் மற்றது கெட்டது. இரண்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவர வேண்டும். கேட்டுக் கேட்டுத்தான் கொண்டுவர முடியும்.

ஸ்க்ரூ டிரைவரைக் காதுக்குக் கொண்டுபோன பரமசிவம் பாதியில் நிறுத்தினார். ராசாத்தியைப் பார்த்தார்.

"நீ கேளு," என்றார். "எனக்கு ஒம் மாதிரி கேக்காது."

வாழ்நாளில் அந்த மனிதர் வாயிலிருந்து வராத வார்த்தை. ராசாத்தி கேலி பண்ணியிருக்கலாம், பண்ணவில்லை. கிட்ட வந்து நின்றாள். எஞ்சின் சத்தத்தில் அவள் கத்தினாலும் அவருக்கு எட்டாது. ஆகவே அவள் கையைத் தூக்கினாள். கட்டைவிரலைக் கவிழ்த்தாள், அவர் இறக்கினார். இன்னும் இறக்கச் சொன்னாள், இறக்கினார். உள்ளங்கை மேலே போனது, ஒரு இழை ஏற்றினார். கண்ணைச் சுருக்கி, தலையைச் சாய்த்து, பாட்டு வாத்தியார் சுருதி பார்ப்பதுபோல நின்று கேட்டுக்கொண்டு, கையால் அவரை ஏற்றி இறக்கினாள். பிரஸ் ஷாப்பில் எத்தனையோ பேரோடு வேலை பார்த்தவர் அவர். இவ்வளவு கச்சிதமாக யாரும் கை காட்டியதில்லை என்று நினைத்துக்கொண்டார்.

கடைசியில் ராசாத்தி முஷ்டியை மூடினாள். பரமசிவம் கையை எடுத்தார். எஞ்சின் நின்றுவிட்டதோ என்று ஒரு கணம் திடுக்கிட்டு, உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்துத்தான் ஓடுகிறது என்று தெரிந்துகொண்டார்.

சீட்டை இறக்கி மூடிவிட்டு இரண்டு பேரும் வண்டியிலேயே உட்கார்ந்தார்கள்.

"வேற என்னல்லாம் எனக்குக் கேக்கல?" என்று கேட்டார்.

அவள் முழுக் குரலெடுத்து, ஆனால் கோபமில்லாமல் சொன்னாள். "போன மாசம் தர்ஷினி போன்ல அழுதா. புது ஊரு, பேச்சுக்கு ஆளில்ல, வீட்டு நெனப்பா இருக்குப்பான்னு ஒங்ககிட்டச் சொல்லி அழுதா. நீங்க 'ரொம்ப சந்தோசம்மா'ன்னு சொல்லிட்டு, போனை எங்கிட்டக் குடுத்திய."

பரமசிவம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். பூனாவில் வேலைக்குப் போயிருக்கும் ஒரே மகள். அவள் அழுததற்குச் சந்தோஷம் சொன்ன தகப்பன் உலகத்தில் தான் ஒருவனாகத்தான் இருக்கும் என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது. மறுநாள் மாவு இறக்கியதும் வண்டியை வீட்டுக்குத் திருப்பாமல் நேராகக் கிருஷ்ணகிரிக்கு விட்டார்.

காது பார்க்கும் இடத்தில் லாவண்யா என்ற பெண் அவரைச் சின்ன அறைக்குள் கூட்டிப்போய் உட்கார வைத்தாள். நாற்காலி சுவரைப் பார்த்துப் போட்டிருந்தது. பரமசிவம் தன்னை அறியாமல் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"கண்ணாடி பக்கம் பாத்து உக்காரலாமாம்மா?"

லாவண்யா சிரித்துவிட்டாள். "அங்கிள், நீங்க பிரஸ் ஷாப்பா? ஓசூர்லருந்து வர்ற பிரஸ் ஷாப் ஆளுங்க எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க."

சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். பட்டனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். முதலில் சில சத்தங்கள் வந்தன, அழுத்தினார். அப்புறம் நெடுநேரம் ஒன்றுமே வரவில்லை. எங்கோ முழங்கை அசைந்துகொண்டிருக்கிறது என்று தெரியும். குத்துமதிப்பாக அழுத்திவிடலாமா என்று கட்டைவிரல் துறுதுறுத்தது. அழுத்தவில்லை. அந்தச் சோதனையில் அவர் நேர்மையாகத் தோற்றது அதுவே முதல் தடவை.

கொஞ்ச நாளில் காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி வந்தது. மாட்டியதும் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. தன் செருப்பு தரையில் உராய்வது கேட்டது. இவ்வளவு சத்தத்தையும் இத்தனை நாள் யார் எடுத்து வைத்திருந்தார்கள் என்று ஆச்சரியப்பட்டார். வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் அடுக்களையிலிருந்து ராசாத்தி குரல் கொடுத்தாள்.

"சாப்பிட வாங்க!"

பரமசிவம் நாற்காலியோடு துள்ளி விழுந்தார். "ஏட்டி, எதுக்கு இப்படிக் கத்துத?"

ராசாத்தி கரண்டியோடு வெளியே வந்து நின்றாள். கத்துகிறோம் என்றே அவளுக்குத் தெரியாது. அவரோடு பேசுவதென்றால் அவளுக்கு அதுதான் குரல். குறைத்துப் பேசிப் பார்த்தாள். பாதி வார்த்தையில் பழைய சத்தம் தானாக ஏறிக்கொண்டது. அவர் முகத்தைச் சுளித்தார். இன்னும் குறைத்தால் குரலே எழும்பாமல் காற்றுதான் வந்தது. "எப்படித்தான் பேசச் சொல்லுதிய என்னைய?" என்று எரிந்து விழுந்துவிட்டு உள்ளே போனாள். அடுத்த சில நாளில் முன்பு கத்திச் சொன்ன சேதிகளும் குறைந்துபோயின. கேஸ் தீர்ந்தால் காலி சிலிண்டரைக் கூடத்தில் உருட்டிக்கொண்டு வந்து வைத்தாள்.

பரமசிவத்துக்கு மனசு விட்டுப்போனது. காது வந்தும் பேச்சு வரவில்லையே! அப்படியானால் முதலில் பயந்ததுதான் நிஜமா? அவளுக்கு நம்மிடம் சொல்ல ஒன்றுமே இல்லையா? அந்தக் கருவியைக் கழற்றி டப்பாவில் போட்டு மூடிவிடலாம் என்றுகூட நினைத்தார். தர்ஷினியோடு இப்போது தினமும் போனில் பேச முடிகிறதே என்பதற்காக மட்டும்தான் மாட்டிக்கொண்டிருந்தார்.

மார்கழிப் பனி நன்றாக இறங்கியிருந்த ஒரு காலை. அதுவரை இறக்கியே கிடந்த ஜன்னல் கண்ணாடிகளை அன்றைக்கு ஏற்றிவிட்டு, மாவுத் தூக்குகளோடு போய்க்கொண்டிருந்தார்கள். பாகலூர் சாலைச் சிக்னலில் சிவப்பு விழுந்தது. பரமசிவம் வண்டியை நியூட்ரலில் போட்டு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். எஞ்சின் உதறவில்லை, அலறவில்லை, சீட்டுக்கடியில் இருக்கும் இடம் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் ராசாத்தி ரோட்டைப் பார்த்தபடி, வழக்கம்போல முணுமுணுக்க ஆரம்பித்தாள். சாமி பாட்டுக்கு இடைஞ்சல் பண்ணக்கூடாது என்று பரமசிவம் பேசாமல் இருந்தார்.

"...இந்தா, இன்னைக்கும் அந்தக் காலர் கிழிஞ்ச சட்டைதான். தர்ஷினி எடுத்துக் குடுத்த நீலச் சட்ட பீரோவுல கெடந்து மக்குது. யாரு சொல்லுதது இந்த மனுசனுக்கு? நேத்து நல்லாத் தூங்கலை போல, மொகம் வாடிக் கெடக்கு. கேட்டா ஒண்ணுமில்லம்பாரு. எதுத்த வீட்டுப் பூனை நம்ம மாடியில வந்துல்லா குட்டி போட்டிருக்கு. மூணு குட்டி. ஒண்ணு மட்டும் நல்ல செவலை. பாத்தா சந்தோசப்படுவாரு, மாடி ஏறுனாத்தான..."

பரமசிவம் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார். சன்னமான குரல். லைன் வீட்டில் அவரைத் தூங்கவைத்த அதே குரல், ஒரு இழை மாறவில்லை. சாமி பாட்டு என்று அவர் ஒதுங்கிப்போன அத்தனை காலைகளிலும் இவள் தன்னிடம்தான் பேசிக்கொண்டு வந்திருக்கிறாள். ஒரு நாள்கூட நிறுத்தாமல், பதில் வராது என்று தெரிந்தே. அவள் பக்கம் திரும்பினால் அழுதுவிடுவோம் என்று தோன்றியதால் சிக்னலையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"மத்த ரெண்டும் என்ன நெறம்?"

ராசாத்தி வாயில் கையை வைத்துக்கொண்டாள். கண் இரண்டும் அவரையே பார்த்தன. சட்டையைப் பற்றிச் சொன்னதும் கேட்டிருக்குமா, மனுசன் என்றதும் கேட்டிருக்குமா என்றெல்லாம் அவள் முகத்தில் ஓடியது. பச்சை விழுந்துவிட்டது. பின்னால் ஒரு லாரிக்காரன் ஆரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றான். பரமசிவம் வண்டியை எடுக்கவில்லை.

"சொல்லுட்டி. மத்த ரெண்டும் என்ன நெறம்?"

"ஒண்ணு கருப்பு," என்றாள் ராசாத்தி, அதே சின்னக் குரலில். "இன்னொண்ணு..." என்று தொடங்கியவள், முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு, "மொதல்ல வண்டிய எடுங்க. எல்லாம் சொல்லுதேன்," என்றாள்.